காடாகாத புல்வெளி

கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய நீலகிரி மேல்மலையில், சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையிலுள்ள எல்லை பல இடங்களில் நாலைந்து எட்டுக்குமேல் இருக்காது. முழங்கால் உயரப் புல், அதையொட்டி ஒரு வரிசை தவிட்டுப்பழச் செடி, அதற்கப்பால் காடு. உள்ளே கால் வைத்ததும் வெளிச்சம் குறைந்துவிடுகிறது. மரத்தண்டு முழுக்கப் பாசி. காலடியில் சருகு ஈரத்தோடு அமுங்குகிறது. வெளியே உச்சிவெயில் சுள்ளென்று அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி மாறுவதில்லை. நாவல் இனத்து மரங்களும் காட்டுச்செண்பகமும் கிளையோடு கிளை பின்னி வானத்தை மறைத்து நிற்கின்றன.

இந்த மரங்களில் பலவற்றின் பழங்களைப் பறவைகள் தின்கின்றன. கொண்டைக்குருவியும் காட்டுப்புறாவும் விதைகளைச் சுமந்து வந்து வெளியே போடுகின்றன. மழைக்குக் குறைவில்லை. மண்ணும் ஆழமானதுதான். ஆனாலும் சோலை தன் எல்லையைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்குவதில்லை. காட்டுப்பூவரசு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல்வெளி நடுவே சிவந்து பூத்து நிற்கும். மற்ற மரங்களெல்லாம் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒதுங்கியே இருக்கின்றன.

மரம் வளரத் தேவையான எல்லாம் இருந்தும் மரம் ஏன் வளரவில்லை? இந்தக் கேள்விக்கு அறிவியல் சொன்ன விடை ஒரு கட்டத்தில் தவறிப்போனது. அந்தத் தவற்றுக்கு நீலகிரியும் பழனிமலையும் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு நிலத்தை ‘இது இன்னும் முழுமை அடையவில்லை’ என்று பார்க்கத் தொடங்கிவிட்டால், அதை முழுமைப்படுத்தும் உரிமை தமக்கு உண்டு என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தாவரங்கள் ஓரிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிப்பதைப் பள்ளிப் பாடநூல்கள் ‘வழிமுறை வளர்ச்சி’ என்கின்றன. மானாவாரி விவசாயிக்கு இது பாடநூல் சொல்லித் தெரியவேண்டிய செய்தி அல்ல. உழாமல் போட்ட நிலத்தில் முதல் மழைக்குப் புல்லும் நெருஞ்சியும் வரும். இரண்டொரு வருஷத்தில் கொழுஞ்சியும் ஆவாரையும் தலைகாட்டும். அப்படியே விட்டால் இலந்தையும் வேலும் எழும். நம் காலத்தில் இந்த வரிசை முடிவதற்குள் சீமைக்கருவேலம் நடுவே புகுந்து மொத்த நிலத்தையும் எடுத்துக்கொள்கிறது. கொழுஞ்சி அவரைக் குடும்பத்துச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. அதனால்தான் அதை வெட்டி வயலுக்குத் தழையுரமாகப் போட்டார்கள். அமெரிக்காவில் 1980-இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் நுரைக்கல் சமவெளியில் முதலில் வேர்பிடித்ததும் லூபின் என்ற அவரைக் குடும்பச் செடிதான். வெறும் மண்ணில் முதலில் வருகிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு இடம் பண்ணிக் கொடுப்பது உலகெங்கும் பல இடங்களில் நடக்கிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஹென்றி கவுல்ஸ். மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேடுகளைப் பற்றி அவர் 1899-இல் எழுதினார். ஏரியோரத்தில் புதிதாக ஒதுங்கிய மணல். சற்று உள்ளே மணலைப் பிடித்து நிறுத்தும் புல். இன்னும் உள்ளே புதர். அதற்கும் அப்பால் காடு. கரையிலிருந்து உள்ளே நடந்தால் காலத்திலும் நடக்கிறோம் என்று அவர் கண்டார். இன்றும் அந்தக் கட்டுரையின் கூர்மை குறையவில்லை.

அவருக்குப் பின் வந்த ஃபிரெடரிக் கிளெமெண்ட்ஸ் இதை ஒரு பெரிய கோட்பாடாகக் கட்டினார். 1916-இல் வெளிவந்த அவர் நூலின்படி, ஒரு வட்டாரத்தின் தாவரக் கூட்டம் ஓர் உயிரியைப் போன்றது; பிறந்து வளர்ந்து முதிர்ச்சி அடைகிறது. அந்த முதிர்ச்சிக்குப் பெயர் உச்சநிலை. தட்பவெப்பம் எதுவோ அதற்கேற்ற உச்சநிலை ஒன்றுதான். தீயோ மேய்ச்சலோ கோடரியோ குறுக்கிட்டால் வளர்ச்சி நடுவழியில் நின்றுவிடும். குறுக்கீட்டை விலக்கினால் மறுபடி உச்சநிலையை நோக்கி நகரும். நெப்ராஸ்காவின் புல்வெளி நாட்டில் பிறந்த கிளெமெண்ட்ஸ் புல்லை இகழ்ந்தவர் அல்லர். மழை குறைந்த நிலத்துக்குப் புல்வெளியே உச்சநிலை என்றுதான் சொன்னார். ஆனால் நல்ல மழை பெய்யும் நாட்டில் புல்வெளி இருந்தால் அவர் கோட்பாட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: யாரோ காட்டைக் கெடுத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு சீக்கிரமே எழுந்தது. 1926-இல் ஹென்றி கிளீசன், தாவரக் கூட்டம் என்று ஓர் உயிரி இல்லை, ஒவ்வோர் இனமும் தன்தன் தேவைக்கேற்பத் தனித்தே இடம்பிடிக்கிறது, நாம் பார்ப்பது அவற்றின் தற்செயலான சேர்க்கை என்றார். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி அந்த உயிரி உவமையை மறுத்து எழுதும்போதுதான் ‘சூழல் மண்டலம்’ என்ற கருத்தையே முன்வைத்தார். இருந்தும் வனத்துறை அலுவலகங்களில் வேரூன்றியது கிளெமெண்ட்ஸின் கோட்பாடுதான். நிர்வாகத்துக்கு அது தோதானது. ஒரு நிலத்தைப் பார்த்து இது படியில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லிவிடலாம். அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிட ஒரு திட்டமும் போடலாம். 1936-இல் ஹாரி சாம்பியன் இந்தியா, பர்மாவின் காடுகளை வகைபிரித்து வெளியிட்ட நூலில் உச்சநிலை என்ற அந்தச் சிந்தனை ஊடோடியது. இந்திய வன அதிகாரிகள் பல தலைமுறையாக அந்த வகைப்பாட்டைப் படித்துத்தான் காட்டுக்குள் போனார்கள்.

நீலகிரிக்கு வருவோம். அங்கே மரம் நடுவது கோட்பாட்டுக்கு முந்தியே தொடங்கிவிட்டது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பிறகு உதகையில் வெள்ளையர் குடியிருப்பு பெருகியது. குளிர்காய விறகு வேண்டும். அருகிலிருந்த சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெல்ல வளர்வது, வெட்டிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1830களிலும் 1840களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்து சேர்ந்தன. ஏழெட்டு வருஷத்தில் வெட்டலாம். எங்கே நடுவது? வருவாய்த் துறையின் கண்ணுக்குப் பயிரும் மரமும் இல்லாத புல்வெளி தரிசு. தரிசில் நட்டார்கள்.

ஆக, முதல் காரணம் அடுப்பும் கணப்பும். நூறு ஆண்டு கழித்து வழிமுறை வளர்ச்சிக் கோட்பாடு வந்து அந்தப் பழக்கத்துக்கு அறிவியலின் ஆதரவைக் கொடுத்தது. கோட்பாடுகள் அதிகம் சேதம் செய்வது இப்படித்தான் என்று தோன்றுகிறது: ஏற்கெனவே வசதியாகப் போன ஒரு வேலைக்குப் பின்னால் வந்து நியாயமாக நிற்கும்போது.

ஆனாலும் அறிவியல் உலகம் அன்றும் ஒரே குரலில் பேசவில்லை. 1938-இல் டேராடூனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இண்டியன் ஃபாரஸ்டர்’ இதழில், நீலகிரிப் புல்வெளி பற்றி ஒரு வாதம் நடந்தது. சி.ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி, நீலகிரி மேல்மலையின் புல்வெளி கெட்டுப்போன காடு அல்ல, சோலையைப் போலவே அதுவும் நிலைத்த ஒன்று, மரக்கன்றுகள் புல்லில் பிழைக்காததற்குக் காரணம் உறைபனி என்று எழுதினார். தாவரவியலாளர் என்.எல். போர் அதை ஏற்கவில்லை. தீயும் மேய்ச்சலும் இல்லாதிருந்தால் அந்த மலை முழுக்கச் சோலையாகியிருக்கும், புல் என்பது நடுவழியில் தடுத்து நிறுத்தப்பட்ட கட்டம் என்பது அவர் கட்சி. போர் புல்லை அறியாதவர் அல்லர். இந்தியா, பர்மா, இலங்கை, பாகிஸ்தான் புல்லினங்களைப் பற்றி 1960-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் தாவரவியலாளர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு புல்லையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒருவரே புல்வெளிக்குத் தனியுரிமை தர மறுத்தார் என்றால், கோட்பாட்டின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த வாதத்தில் ஒரு தரப்பு குறைகிறது. தீ வைத்ததாகவும் எருமை மேய்த்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தோடர்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு உலகமே அறிந்த மக்கள். வாதம் நடந்த அதே காலத்தில், 1935-க்கும் 1938-க்கும் இடையில், மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தங்கித் தோடர் பாடல்களைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1971-இல் நூலான அந்தப் பாடல்கள் மந்துகள் என்ற தோடர் குடியிருப்புகளையும் எருமைகளையும் இடங்களையும் பெயர் சொல்லிப் பாடுபவை. அந்தச் சரிவுகளின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தப் புல் எப்படி வந்தது என்பதை அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

விடை சேற்றில் கிடந்தது. நீலகிரிச் சரிவுகளின் அடியில் சதுப்புகள் உண்டு. அங்கே மட்காத தாவரக் கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, பீட் என்பார்கள். வெப்பமண்டலப் புற்கள் பலவும் ஒளிச்சேர்க்கையில் ஒரு பாதையைப் பின்பற்றுகின்றன, மரங்கள் வேறொரு பாதையை. அதனால் அவற்றின் உடலில் சேரும் கார்பனின் இரண்டு நிலையான ஐசோடோப்புகளுக்கிடையே உள்ள விகிதம் மாறுபடுகிறது. செடி மக்கிச் சேறானாலும் அந்த விகிதம் அழிவதில்லை. ஆக, ஒவ்வோர் அடுக்கையும் அளந்தால் அந்தக் காலத்தில் சுற்றுவட்டத்தில் புல் மிகுந்திருந்ததா, மரம் மிகுந்திருந்ததா என்று சொல்லலாம். சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் செய்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பதிவு ஏறத்தாழ 20,000 ஆண்டு பின்னோக்கிப் போகிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் மழை குறைந்து புல் மிகுந்திருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து மரவகைகள் கூடின. சுமார் 6,000-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட காலத்தில் மறுபடி வறட்சி, மறுபடி புல்.

பெருமளவில் காடழிப்பு நடந்ததற்குச் சான்றே இல்லாத காலத்திலேயே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. புல் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஒரே திசையில் எதுவும் போகவில்லை. ‘இந்த மலை எதுவாக ஆக வேண்டியது?’ என்ற கேள்விக்கே அந்தச் சேற்றில் இடமில்லை. பனியுகத்துக்கு ஒரு விடை, பருவமழை வலுத்த காலத்துக்கு வேறொரு விடை.

மரக்கன்று புல்லில் ஏன் பிழைப்பதில்லை என்பதற்கும் நேரடிச் சோதனை நடந்தது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோரின் ஆய்வு 2020-இல் வெளியானது. மேகமில்லாத குளிர்கால இரவில் புல்வெளி தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கிறது. தரையையொட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. விடியும்போது புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி. சோலைக்குள் அப்படி ஆவதில்லை, கிளைப்பரப்பு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. சோலை மரக்கன்றைக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்தால் உறைபனிக் காலத்தைத் தாண்ட மாட்டாமல் சாகிறது. சோலை தன் நிழலில் மட்டுமே தன் குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது. எனவே காடு இருக்கும் இடத்தில் காடு நீடிக்கும், புல் இருக்கும் இடத்தில் புல் நீடிக்கும். ஒரே மழை, ஒரே மலை, இரண்டு நிலைத்த வாழ்க்கைகள். ரங்கநாதன் 1938-இல் சொன்னது எண்பது ஆண்டு கழித்து அளவுகருவியோடு உறுதியாயிற்று. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: சீகை நாற்று உறைபனியைச் சோலை நாற்றைவிட நன்றாகத் தாங்குகிறது.

வழிமுறை வளர்ச்சி என்ற அறிவியலும் இதற்கிடையில் வெகுதூரம் வந்துவிட்டது. சூழலியலாளர்கள் கானலும் ஸ்லேட்டியரும் 1977-இல் காட்டியபடி, முதலில் வந்த செடி பின்னால் வருவதற்கு உதவலாம், உதவாமலும் தடுக்காமலும் இருக்கலாம், அல்லது வரவிடாமல் தடுக்கவும் செய்யலாம். மூன்றும் இயற்கையில் நடக்கின்றன. முதல் வழி மட்டுமே எல்லோர் மனத்திலும் தங்கிவிட்டது. ‘மரம் நட்டால் காடு வரும்’ என்பது அதன் சுருக்கம்.

சீகை அந்த மூன்றாவது வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. விடுதலைக்குப் பிறகு அதன் நடவு குறையவில்லை, கூடியது. பட்டை தோல் பதனிட உதவியது. ரேயான் கூழுக்குக் கற்பூர மரக் கட்டை போயிற்று. பழனிமலையில் பைன் தோட்டமும் சேர்ந்துகொண்டது. 1988-இன் தேசிய வனக் கொள்கை திசையை மாற்ற, இத்தகைய நடவு ஓய்ந்தது. ஆனால் மரம் ஓயவில்லை. சீகையும் அவரைக் குடும்பம். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணை மாற்றுகிறது. கொழுஞ்சி எந்த வேலையைச் செய்து உழவனுக்கு உதவியதோ, அதே வேலை இங்கே வளம் குறைந்த மண்ணுக்குப் பழகிய புல்லுக்குப் பாதகமாக முடிகிறது. நிழல் விழுந்ததும் புல் செத்துப்போகிறது. விதைகளோ தடித்த தோலோடு மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் ஒருசேர முளைக்கும். 2018-இல் எம். அரசுமணியும் உடன் ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தபோது, பழனிமலையின் புல்வெளி நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது தெரிந்தது. மரத்தோட்டமும் விவசாயமும்தான் அதை விழுங்கின.

போனது வெறும் புல் அல்ல. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது புல்வெளியிலும் பாறையிலும். அடர்காட்டில் அதற்கு வாழ்க்கை இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல்லுக்குள்ளேயே கூடு கட்டுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. 12 ஆண்டுக்கொரு முறை குறிஞ்சி பூக்கும்போது மலையைப் பார்க்க மாநிலமே திரள்கிறது. அந்தக் குறிஞ்சி நிற்பதும் புல்வெளிச் சரிவில்தான்.

தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் புரியக்கூடியது. உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றின் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். பத்தாண்டு முடிவில், நட்ட பக்கத்திலிருந்து வழிந்து வந்த நீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. கோடையில் ஓடைக்கு வரும் ஊற்றுநீரும் குறைந்தது. பைக்காராவும் மாயாறும் பவானியும் இந்த மலையில் பிறக்கின்றன. ஈரோட்டு மஞ்சள் வயலுக்கும் மின்வாரியத்தின் நீர்மின் நிலையங்களுக்கும் போகும் தண்ணீர் இங்கே புல்லடியில் தேங்கி மெல்லக் கசிந்து வருவது. ‘மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் ஆறு’ என்று சிறுவயதிலிருந்து படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பல மலைகளுக்கு அந்தப் பாடம் பொருந்தலாம். இந்தப் புல்வெளிக்குப் பொருந்தாது.

தோடர்களுக்கு மீண்டும் வருகிறேன். புல்வெளி மனிதனுக்கு முந்தியது என்று தெரிந்ததும், அதில் மனிதனுக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. காலநிலை புல்லைக் கொண்டுவந்திருக்கலாம். அண்மைய நூற்றாண்டுகளில் அது இன்ன தோற்றத்தில் இருந்ததற்கு எருமையின் வாயும் தோடர் வைத்த சிறு தீயும் காரணங்கள். வறண்ட மாதத்தில் முற்றிய புல்லைச் சிறு துண்டுகளாகக் கொளுத்துவார்கள். மழைக்குப் புதுத்தளிர் வரும். வனச்சட்டம் அந்தத் தீயைத் தடை செய்தது. கொளுத்தாத புல் ஆண்டுக்கணக்கில் காய்ந்து குவிகிறது; அதில் தற்செயலாகப் பிடிக்கும் தீ பெருந்தீயாகிறது; மண்ணுக்குள் உறங்கும் சீகை விதைக்கு அதுவே அழைப்பு. தோடரின் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய உதவும் புல் ஒன்று உண்டு. அவர்கள் மொழியில் அவ்ஃபுல். அது சதுப்பில் மட்டும் வளர்வது. தாவரவியலில் அதற்கிட்ட பெயர், தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் முதல் கையேடு எழுதிய ரங்காச்சாரியை நினைவுகூர்கிறது. சதுப்பில் காரட்டும் தேயிலையும் ஏறியபின் அந்தப் புல்லைத் தேடித் தோடர்கள் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. கோயில் கூரையைக் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். புல்வெளி அழிந்தால் அறிவியலுக்கு ஓர் ஆய்வுக்களம் போகும். அவர்களுக்குச் சடங்கே தடைப்படும்.

இனி என்ன செய்வது? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சீகையை வெட்டினால் புல்வெளி திரும்பிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. வெட்டிய இடத்தில் வெயில் விழுந்ததும் மண்ணிலிருந்த விதைகள் ஆயிரக்கணக்கில் முளைத்து, முன்னைவிட அடர்ந்த புதர் எழுகிறது. இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோட்டங்களுக்குள்ளும் பைன் தோட்டங்களுக்குள்ளும் போய்ப் பார்த்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். அந்த நிழலில் சோலைக் கன்றுகள் வளர்கின்றன. உறைபனியிலிருந்து காக்க அந்நிய மரத்தின் கிளைப்பரப்பே போதுமானதாகிவிட்டது. விதையைப் பறவைகள் கொண்டுவந்தன. சோலைக்கு அருகே உள்ள தோட்டங்களில் இது நன்றாகத் தெரிகிறது. பழைய கோட்பாட்டாளர் யாராவது இன்று வந்து பார்த்தால், நான் சொன்னபடியே காடு வருகிறதே என்று மகிழக்கூடும். ஆனால் அது வருவது புல்வெளி இருந்த இடத்தில். வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக்கும் அது ஆறுதல் தராது.

ஆகவே ஒரே மலைக்கு ஒரே தீர்ப்பு எழுத முடியாது என்பது என் முடிவு. சோலையை ஒட்டி, நாற்பது ஐம்பது ஆண்டாக நிற்கும் தோட்டத்தில் அடியில் சோலைக்கன்று செழித்திருந்தால், அதை மொட்டையடிக்காமல், மேலே நிற்கும் அந்நிய மரங்களை மெல்ல மெல்லக் கழித்துச் சோலைக்கு வழிவிடலாம். வெட்டவெளிப் புல்வெளியின் ஓரத்தில் சீகை புதிதாக ஊடுருவும் இடத்திலோ கொஞ்சமும் காத்திருக்கக் கூடாது. அங்கே புல்லின் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாற்றைப் பிடுங்கினால் புல் தானே மூடிக்கொள்ளும். நிழலில் பல ஆண்டு கிடந்து புல் முற்றாக அழிந்த இடத்தில் தூர்தூராகக் கையால் நட்டால்தான் புல் திரும்பும். மூன்றையும் ஒரே டெண்டரில் ‘அந்நிய மரம் அகற்றுதல், இத்தனை ஹெக்டேர்’ என்று போட்டால் மூன்றும் கெடும்.

வழிமுறை வளர்ச்சி அறிவு நன்மை செய்த இடங்களும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. முதலில் கரை கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு கத்திச்சவுக்கு போன்ற முரட்டு மரங்களை வைத்து நிழலும் சருகும் உண்டாக்கினார்கள். அதனடியில் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்தார்கள். அந்த மரங்களின் விதையும் அறிவும் சுற்றுவட்டக் கோயில்காடுகளில் மிஞ்சியிருந்தன. அங்கே காடு உண்மையிலேயே இருந்து அழிந்தது. அதனால் அந்தப் படிமுறை பலித்தது. ஒரே அறிவு, கடற்கரை மேட்டில் மருந்தாகவும் மேல்மலையில் நஞ்சாகவும் ஆனதற்குக் காரணம், அந்தந்த நிலத்தின் பழைய கதையை முதலில் விசாரித்தார்களா இல்லையா என்பதே.

அரசின் பார்வை மாறிவருகிறது. தமிழ்நாடு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்கள், வாழிட மீட்பு பற்றித் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் பேசப்படுகிறது. ஆனால் நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் இன்றும் புதர் நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு வகைகளாகவே இருக்கின்றன. காலநிலை மாற்றத்தைத் தடுக்க மரம் நடும் இலக்குகள் மேலிருந்து இறங்கும்போது, ‘எங்கே நடலாம்’ என்று தேடும் கை முதலில் போய் விழுவது இந்தப் பட்டியலில்தான். 1840களில் விறகுக்காக நடந்தது, இப்போது கார்பனுக்காக நடக்க வழி திறந்தே இருக்கிறது. புல்வெளி தன் கார்பனைப் பெரும்பாலும் மண்ணுக்குள் வைத்திருக்கிறது, தீ அதைத் தொடுவதில்லை என்பதை இலக்கு எழுதுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பம் ஏற ஏற உறைபனி இரவுகள் குறையும். புல்லுக்கு இயற்கை போட்டிருந்த வேலி அதனால் தளரும். அந்த இடைவெளியில் முதலில் நுழையப்போவது எது என்பதும் 2020 சோதனையிலிருந்தே தெரிகிறது.

அதனால்தான் இந்த மலையின் புல்வெளியை இனி தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. சீகை நாற்று விதை கட்டும் முன் ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். அதற்குச் சரிவுகளை அறிந்த கைகள் வேண்டும். தோடர், இருளர், குறும்பர், படுகர் ஊர்களில் அந்தக் கைகள் இருக்கின்றன. எந்தத் துண்டை எந்த மாதம் கொளுத்தலாம், எங்கே எருமையை விடலாம் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்குச் சட்டப்படி இடம் வேண்டும், வெறும் கூலிக்கு அழைப்பதோடு நிறுத்தக் கூடாது. இப்போதைய திட்டங்கள் ஐந்தாண்டுக்கு நிதி ஒதுக்குகின்றன. மண்ணில் கிடக்கும் சீகை விதை ஐம்பது ஆண்டு உயிரோடிருக்கும். இன்று அந்தச் சரிவில் வேலைக்குச் சேரும் ஒருவருடைய பிள்ளைக்கும் அதே சரிவில் வேலையும் சம்பளமும் இப்போதே எழுதி வைக்கப்பட வேண்டும்.